புது மரமும் பழைய மெருகும்

பழமைக்கு மனித உள்ளத்தில் ஒரு தனி மதிப்பு உண்டு. பழைய அரிசி, பழம்புளி, பழைய நட்பு என்று நம்மவர் பழமையைப் போற்றிய துறைகள் பல. ஆனால், பழமையை உண்டாக்குதல் காலம் ஒன்றுக்கே கைவந்த தொழில். அதனைக் கடையில் விலைகொடுத்து வாங்க முடியுமா? முடியும் என்கின்றனர் சதுரங்கக் காய் செய்வோர். சென்ற மாதம் கடைசற்பட்டறையிலிருந்து இறங்கிய காய், இன்று நூறாண்டு முதுமையுடன் வெல்வெட்டுப் பெட்டியில் அமர்ந்து விற்பனைக்கு வருகின்றது. இஃது எவ்வாறு நிகழ்கின்றது? இது கலையா, களவா? இவ்விரு வினாக்களையும் சிறிது ஆராய்வோம்.

மாணவன் கொண்டுவந்த பெட்டி

எங்கள் கல்லூரிச் சதுரங்கக் கழகத்து மாணவன் ஒருவன் சென்ற தவணையில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தான். கனடாவிலுள்ள தாய்மாமன் அனுப்பிய பரிசு அது. வெண்காய்கள் முற்றிய தேனின் நிறம். கருங்காய்களின் விளிம்புகள் பலர் கைபட்டுத் தேய்ந்தவை போன்ற தோற்றம். பெட்டியுடன் வந்த சீட்டில் ‘1849’ என்ற ஆண்டு அச்சிடப்பட்டிருந்தது.

“சேர், இது நூற்றெழுபது வருஷத்துக்கு மேற்பட்டதாம். வீட்டிலே ஒருவரையும் தொட விடுகிறார்கள் இல்லை” என்றான்.

காயைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒட்டியிருந்த பச்சைத் துணி புத்தம் புதியதாய் இருந்தது. அதன் ஓரத்தில் பசைகூட இன்னும் மங்கவில்லை. ‘1849’ என்பது அந்தக் காய்கள் பிறந்த ஆண்டு அன்று. அவற்றின் வடிவம் பிறந்த ஆண்டு. மாமனும் ஏமாற்றவில்லை, விற்றவரும் பொய் சொல்லவில்லை. சீட்டை வாசித்தவர்கள்தாம் தாங்கள் விரும்பியபடி வாசித்துக்கொண்டார்கள். இத்தகைய மயக்கம் பல வீடுகளில் நேரக்கூடியது. ஆதலின், அந்த ஆண்டின் கதையையே முதலிற் சொல்லுதல் பொருந்தும்.

1849 ஆம் ஆண்டின் சிறப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை சதுரங்கக் காய்களுக்கு ஒரு பொது வடிவம் இருந்ததில்லை. ஊருக்கு ஊர், கடைசற்காரருக்குக் கடைசற்காரர் வடிவம் வேறுபட்டது. அயல்நாட்டில் ஆடச் சென்றவன் மந்திரி எது, காலாள் எது என்று திகைத்த நிலையும் உண்டு. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் ஒரு வடிவத்தை நதானியேல் குக் என்பவர் 1849 மார்ச் 1 ஆம் நாள் இலண்டனிற் பதிவுசெய்தார். அதே ஆண்டு செப்டெம்பர் 29 ஆம் நாள் ஜோன் ஜாக்ஸ் நிறுவனம் அக்காய்களை விற்பனைக்கு விட்டது. அக்காலத்துப் பேராட்டக்காரரும் எழுத்தாளருமான ஹொவார்ட் ஸ்டான்டன் அவற்றைப் பாராட்டித் தம் பெயரையும் அளித்தார். இன்று உலகப் போட்டிகளில் நாம் காண்பது அந்த ஸ்டான்டன் வடிவத்தின் வழிவந்ததே. அதன் குதிரைத் தலை, கிரேக்கத்துப் பார்த்தினன் கோயிற் சிற்பத்திலுள்ள குதிரையைப் பார்த்துச் செதுக்கப்பட்டது என்பர்.

அந்த முதற்காய்கள் இரு மரங்களால் ஆனவை. வெண்காய்க்குப் பொக்ஸ் மரம், கருங்காய்க்குக் கருங்காலி. பொக்ஸ் மிக மெல்ல வளரும் சிறுமரம். அதனால் அதன் வைரம் நெருக்கமானது. உளி வைத்த இடத்திற் சிதறாமல் நுண்ணிய கோட்டையும் ஏற்றுக்கொள்வது. கருங்காலியை நாம் அறிவோம். இலங்கையும் தென்னிந்தியாவும் அதன் தாயகம். அதிற் சிறந்தது ஆங்கிலேயரிடம் ‘சிலோன் எபனி’ என்றே பெயர் பெற்றது.

காலம் மரத்தில் எழுதுவது

புதிதாகக் கடைந்த பொக்ஸ் மரம் வெளிறிய மஞ்சள். ஆண்டுகள் செல்லச் செல்ல அது தேனாகிப் பின் செந்நிறம் கலந்த கபிலமாகின்றது. இதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது ஒளி. மரத்தின் நார்களை இறுக்கி நிற்கும் இலிக்னின் என்னும் பொருள், சூரிய ஒளியிலுள்ள ஊதாக்கடந்த கதிராலும் காற்றின் ஒட்சிசனாலும் மாறுதலடைந்து மஞ்சளாகின்றது. பழைய செய்தித்தாள் மஞ்சளாவதும் இதனாலேயே. இரண்டாவது கை. பல்லாயிரம் தடவை பற்றி நகர்த்திய விரல்களின் எண்ணெயும் வியர்வையும் மேடான இடங்களை மெருகேற்றுகின்றன. பள்ளங்களில் தூசும் மெழுகும் படிந்து கறுக்கின்றன. மூன்றாவது பூச்சு. அக்காலத்திற் பூசிய அரக்கும் தானே காலப்போக்கில் நிறம் ஆழ்ந்து மங்குகின்றது.

இம்மூன்றும் சேர்ந்த தோற்றத்துக்கு ஈடு சொல்ல முடியாத ஓர் அமைதி உண்டு. கண்ணைக் கூசவைக்கும் பளபளப்பு அதில் இல்லை. சதுரங்கக் காய்கள் மினுங்கலாகாது, கண்ணுக்கு இனியனவாய் இருத்தல் வேண்டும் என்று உலகச் சதுரங்கச் சம்மேளனமும் தன் விதிகளிற் கூறுகின்றது. அரசனின் உயரம் ஏறத்தாழ 9.5 சென்ரிமீற்றர் என்பதும் அவ்விதிகளில் உள்ளதே. எனவே, பழைய மெருகை விரும்புவோர் அனைவரும் வெறும் பகட்டை நாடுபவர் அல்லர். நான்கு மணி நேரம் பலகையை உற்றுநோக்கும் ஆட்டக்காரனின் கண்ணுக்கு அது உண்மையாகவே இதமானது.

முதுமை செய்யும் பட்டறை

இன்று உலகுக்கு மரக் காய்களை அனுப்பும் பெருந்தலம் பஞ்சாபின் அமிர்தசரஸ் நகரம். அங்குள்ள கைவினைக் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் யானைத் தந்தம் செதுக்கியவர்கள். 1986 இல் இந்தியா தன் நாட்டு யானைத் தந்தத்தின் வாணிகத்தைத் தடைசெய்தது; 1991 இல் ஆபிரிக்கத் தந்தமும் அத்தடைக்குள் வந்தது. தந்தத்திற் பழகிய உளிகள் மரத்துக்கு மாறின. ஒரு தொகுதியிலுள்ள 32 காய்களில் 28 கடைசலில் உருப்பெறுவன. எஞ்சிய 4 குதிரைகள் கையாற் செதுக்கப்படுவன. குதிரை செதுக்குவோன் தனித் தொழிலாளி. குதிரையின் கண்ணையும் பிடரியையும் பார்த்தே ஒரு தொகுதியின் தரத்தை அறிந்தோர் மதிப்பிடுவர்.

இப்பட்டறைகளில் இலண்டன் ஜாக்ஸ் காய்களையும், 1950 இல் யூகோசிலாவியாவின் டுப்ரோவ்னிக் நகரில் நடந்த ஒலிம்பியாட்டுக்கென அமைந்த காய்களையும் பார்த்துப் புதியன செய்கின்றனர். அவற்றுக்கு முதுமைக் கோலம் அணிவிக்கும் முறைகள் பல.

முதலிற் கூரிய விளிம்புகளை மணல் ஒட்டிய தாளால் மெல்லத் தேய்த்து உருட்டுவர். அடுத்து நிறமூட்டல். இதில் நமக்கு நன்கு அறிமுகமான ஒரு பொருள் முன்னிற்கின்றது; அதுவே தேயிலை. கடும் சாயமாகக் காய்ச்சிய தேநீரிற் பலமுறை தோய்த்து உலர்த்தினால் எலும்பும் வெண்மரமும் மங்கிய மஞ்சள் பெறும். சிலர் கோப்பியையும், சிலர் அக்குரோட்டுத் தோலையும் பயன்படுத்துவர். பொற்றாசியம் பரமங்கனேற்றுக் கரைசலைப் பூசுவோரும் உளர். பூசியவுடன் காய் ஊதா நிறமாகும். மரத்தை ஒட்சியேற்றியதும் ஊதா மறைந்து, மங்கனீசு ஈரொட்சைட்டின் கபிலம் தங்கும். முற்காலத்திற் பொக்ஸ் மரப் புல்லாங்குழல்களுக்கு நைத்திரிக்கமிலத்தாற் செந்நிறம் ஏற்றினர். மாணவர்கள் அதனை வீட்டிற் செய்து பார்க்கலாகாது. அவ்வமிலம் தோலையும் கண்ணையும் கெடுக்கும்.

கருங்காய்க்கு வேறொரு வித்தை. மாங்காய் நறுக்கிய இரும்புக் கத்தி கறுத்துப்போவதை நம் வீட்டுப் பெண்கள் நன்கு அறிவர். துவர்ப்புப் பொருளாகிய தனினும் இரும்பும் சேர்ந்தால் கருமை பிறக்கும். கலம்காரித் துணி எழுதுவோர் இவ்வுண்மையைத் தொன்றுதொட்டுக் கையாளுகின்றனர். துணியைக் கடுக்காய் நீரில் ஊறவைத்து, இரும்பும் வெல்லமும் புளிக்கவிட்ட நீரால் எழுதினாற் கறுப்புக் கோடு விழும். அதே முறையில், இரும்புத் தூளை வினாகிரியில் ஊறவைத்து, அந்நீரை மரத்திற் பூசினால், மலிந்த மரமும் கருங்காலி வேடம் பூணும். ஒரு கோப்பைத் தேநீரில் துருப்பிடித்த ஆணியைப் போட்டு வைத்தால் இவ்வித்தையை எவரும் கண்ணாரக் காணலாம். அந்நீரைப் பருகலாகாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

நிறமூட்டிய பின் ஸ்பிரிட்டிற் கரைத்த அரக்கைத் துணிப்பொதியாற் பூசுவர். இதுவே பிரெஞ்சுப் பொலிஷ். அதன்மேல் கருந்தூள் கலந்த தேன்மெழுகைத் தேய்த்து, மேடுகளைத் துடைத்துவிட்டுப் பள்ளங்களில் மட்டும் அது தங்குமாறு விடுவர். அழுக்கும் காலமும் நூறாண்டிற் செய்ததை மெழுகும் துணியும் ஒரு பிற்பகலிற் செய்து முடிக்கின்றன.

நம் நாட்டு மெருகு

அரக்கு மெருகில் நம் நாடும் பின்தங்கியது அன்று. கொழும்பிற் பிறந்த தமிழறிஞர் ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலில், கண்டி நாட்டுக் கைவினைஞரின் அரக்குவேலையையும் ஆராய்ந்து எழுதியுள்ளார். சுழலும் மரத்தின்மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்தும்போது, உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தைப் பற்றும். பின் ஓலையால் அழுத்தித் தேய்த்து மெருகேற்றுவர். மாத்தளைப் பகுதியில் நகத்தால் அரக்கிழை ஒட்டும் வேலையும், தென்பகுதியிற் கடைசல் அரக்குவேலையும் இன்னும் அற்றுப்போகவில்லை. மொறட்டுவைத் தச்சரின் புகழைச் சொல்லத் தேவையில்லை.

ஆயினும் மரத்தின் கதை துயரமானது. கருங்காலிக்கு உறவான கலமந்தர் மரம் இலங்கைக்கே உரியது. கபிலமும் கருமையும் வரிவரியாய் ஓடும் அதன் அழகே அதற்குப் பகையாயிற்று. ஐரோப்பியர் வீட்டுத் தளபாடங்களுக்காக அது பெருமளவில் வெட்டப்பட்டு, இன்று காண்பதற்கு அரிதாகிவிட்டது. கருங்காலியும் சட்டக் காப்பு வேண்டும் நிலைக்கு வந்துள்ளது. ‘இலங்கைப் பொக்ஸ்’, ‘இந்தியப் பொக்ஸ்’ என்று ஆங்கிலத்தில் வழங்கும் மரங்களும் உண்மைப் பொக்ஸ் அல்ல. அவை கோப்பிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. வாணிகப் பெயர் ஒன்று, மரம் வேறொன்று.

அமிர்தசரஸ் தொழிலாளர் பெரிதும் நம்பியிருக்கும் சீஷம் மரமும் இச்சிக்கலுக்குத் தப்பவில்லை. அழிவுறும் உயிரினங்களின் வாணிகத்தை ஒழுங்குசெய்யும் சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில், 2017 ஜனவரியில் அதன் இனம் முழுவதும் சேர்க்கப்பட்டது. சீஷம் அருகிப்போன மரம் அன்று. எனினும், வெட்டிய பலகையில் அதன் இனத்து அரிய மரங்களையும் அதனையும் வேறுபிரித்து அறிதல் கடினம் என்பதால் எல்லாம் ஒருங்கே அடங்கின. கைவினைப் பொருள் ஏற்றுமதி தடுமாறிற்று. 2022 இற் பனாமாவிற் கூடிய மாநாடு, ஒவ்வொன்றும் 10 கிலோவுக்கு உட்பட்ட சீஷம் பொருள்களுக்கு விளக்கமும் தளர்வும் அளித்தபோதே அத்தொழிலுக்கு மூச்சு வந்தது.

இவ்விடத்தில் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எளிதில் வளரும் மரத்துக்குச் சாயமேற்றிக் கருமை ஊட்டுவதால் ஒரு கருங்காலி வெட்டுண்ணாமல் நிற்குமாயின், அச்சாயத்தைப் பழித்தல் தகுமா? சாயமேற்றிய மரத்தைச் சாயமேற்றிய மரம் என்று சொல்லி விற்கும்வரை அது பழிக்கப்பட வேண்டியது அன்று; பாராட்டத்தக்கது.

உண்மை முதுமையை அறிவது எப்படி?

பழைய காய் என்று எவரேனும் பெருவிலை கேட்டால் பார்க்க வேண்டியவை சில உள.

முதலில் தேய்வைப் பாருங்கள். காலம் ஒருசீராகத் தேய்ப்பதில்லை. குதிரையின் காது, அரசனின் முடியிலுள்ள சிலுவை, அடிவிளிம்பு என்பன முதலில் தேயும், உடையும். முப்பத்திரண்டு காயும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால், அது தொழிலாளியின் கைத்திறன். உண்மைப் பழந்தொகுதியில் ஒரு காலாள் தொலைந்து, நிறம் சற்று வேறுபட்ட வேறொன்று இடம்பிடித்திருத்தலும் உண்டு.

அடுத்து வட்டத்தை அளந்து பாருங்கள். உலரும் மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவிற் சுருங்குவதில்லை. ஆண்டு வளையங்களின் வழியே சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்கும் அளவின் ஏறத்தாழ இரு மடங்கு. ஆதலால், சரியான வட்டமாய்க் கடைந்த அடிப்பாகம் நெடுங்காலத்தின் பின் மிகச் சிறிதளவு நீள்வட்டமாகலாம். பௌதிகக் கூடத்து வேணியர் இடுக்கிமானி இங்கே பயன்படும். மாணவர்க்கு இதைவிட நல்ல செய்முறைப் பயிற்சி யாது?

மூன்றாவதாக, அடிப்பாகத்தைக் கவனியுங்கள். பழைய காய்களின் அடியில் ஈயம் இட்டுப் பாரம் ஏற்றுவர். ஈயம் சுருங்காது, மரம் சுருங்கும். அதனாற் கருங்காலிக் காய்களின் அடியில் வெடிப்புகள் தோன்றும். ஜாக்ஸ் நிறுவனத்தின் பழைய தொகுதிகளில் அரசனின் அடியில் நிறுவனத்தின் பெயரும், அரசன் பக்கத்து யானையிலும் குதிரையிலும் சிறு முடி முத்திரையும் இருக்கும். ஆனால், முத்திரையை மட்டும் நம்பலாகாது, முத்திரையும் குத்தக்கூடியதே.

நான்காவதாக, இருட்டறையில் ஊதாக்கடந்த கதிர் விளக்கைப் பிடித்தால் இயற்கை அரக்கு செம்மஞ்சளாய் ஒளிரும். இக்கால இரசாயனப் பூச்சுகள் அவ்வாறு ஒளிர்வதில்லை. எனினும், புதுக்காய்க்கும் அரக்குப் பூசலாம், பழங்காய்க்கும் புதுப்பூச்சு இடலாம். ஆகவே, ஒரு சான்றைக்கொண்டு தீர்ப்புச் சொல்லற்க. பல சான்றுகள் ஒரே திசையைக் காட்டும்போதே முடிவுக்கு வருதல் அறிவுடைமை.

கலையா, களவா?

நாடக மேடையில் இளைஞன் ஒருவன் நரைத்த தாடி ஒட்டிக் கிழவனாய் வருகின்றான். நாம் கைதட்டுகின்றோம். அதே தாடியுடன் அவன் தெருவில் இறங்கி, வயோதிபன் என்று சொல்லி ஒருவரிடம் பணம் பறித்தால் அது குற்றம். தாடி ஒன்றே, வேறுபாடு, பார்ப்பவருக்கு உண்மை தெரியுமா தெரியாதா என்பதில் உள்ளது. காய்களின் நிலையும் இதுவே. ‘புதியது, பழைய பாணியில் மெருகேற்றியது’ என்று சொல்லி விற்பது கலை. அந்த ஒரு வாக்கியத்தை விழுங்கிவிட்டு விற்பது களவு. தஞ்சைப் பக்கத்துத் திருப்பூவனூரிற் சதுரங்க வல்லபநாதர் என்னும் பெயருடன் இறைவன் வீற்றிருக்கின்றார். மாறுவேடத்தில் வந்து அரசிளங்குமரியைச் சதுரங்கத்தில் வென்று மணந்தார் என்பது தலபுராணம். ஆனால், அங்கும் ஆட்டம் முடிந்ததும் வேடம் கலைந்தது என்பதை மறத்தலாகாது.

இனி, நமக்கே உரிய ஒரு செய்தி. கொழும்புத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பழம்பொருள் என்பது வெறும் அலங்காரம் அன்று. 1983 யூலை 24 ஆம் நாள் இரவு, பொரளைக் கனத்தை மயானத்தின் அருகே மூண்ட வன்செயல், அடுத்த நாட்களில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை என நகரெங்கும் பரவியது. உயிரிழந்தோரை எண்ணும்போது பொருளிழப்பைப் பேச நாக் கூசும். ஆயினும், எரிந்த வீடுகளில் பாட்டனின் சாய்மனைக் கதிரையும், பாட்டியின் வெற்றிலைப் பெட்டியும், பிள்ளைகள் ஆடிய சதுரங்கப் பலகையும் இருந்தன. என் பெற்றோர் வீட்டிலும் அவ்வாண்டுக்கு முற்பட்ட மரச்சாமான் ஒன்றுதானும் இல்லை. இவ்வாறு இழந்த குடும்பங்களுக்குப் பழைமை தோன்றும் பொருளின்மீது ஓர் ஏக்கம் உண்டாதல் இயல்பே. அந்த ஏக்கத்தை விலையாக்கும் வணிகனிடமே நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். வேறெவருடைய பாட்டனோ ஆடிய காயை வாங்கினாலும், அது நம் பாட்டனின் நினைவைத் தராது. யாருமே ஆடாத காயைப் பழையதென்று வாங்கினால் அந்த நினைவுகூட இல்லை.

அந்த மாணவனுக்கு நான் சொன்னது இதுவே: “இது நல்ல காய், தம்பி, ஆனால் பழைய காய் அன்று. பூட்டி வையாதே, எடுத்து ஆடு.” அவன் முகம் முதலில் வாடியது. பின்னர், “அப்படியென்றால் தங்கச்சிக்கும் பழக்கலாம், சேர்” என்றான்.

வாசகர்களும் இவ்வாறு செய்யலாம். வாங்கிய காயின் அடித்துணியை ஒட்டுமுன், வாங்கிய ஆண்டையும் வாங்கியவர் பெயரையும் பென்சிலால் எழுதிவையுங்கள். ஆண்டுக்கொருமுறை துளி தேன்மெழுகு தேய்த்து, ஈரமும் கடும் வெயிலும் படாது காத்து, நாள்தோறும் ஆடுங்கள். 2022 இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாட்டும், 2024 டிசெம்பரிற் சென்னை இளைஞர் குகேஷ் 18 வயதில் உலக வாகையரானதும் நம் சிறுவர்களின் கையிற் காயை எடுத்துக்கொடுத்துள்ள காலம் இது. அவர்கள் விரல்கள் படப்பட அந்த மரம் நிறம் மாறும். ஐம்பது ஆண்டு கழித்துப் பெயர்த்தி ஒருத்தி அடித்துணியைப் பிரித்துப் பார்க்கும்போது, அந்தப் பென்சில் எழுத்தை எந்தப் பட்டறையின் சாயமும் போலிசெய்ய இயலாது.